கணக்கு எண் மாறியதா? முதலில் போன் போடுங்கள்: வாசகர் கேள்வி பதில்

அலுவலக மின்னஞ்சல், கணினி, வாடிக்கையாளர் தகவல் ஆகியவற்றின் பாதுகாப்பு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எங்கள் தொழில்நுட்பக் குழு இங்கே பதில் தருகிறது. கேட்டவர்களின் பெயரையும் நிறுவனத்தையும் வெளியிடவில்லை. பார்க்கும் வேலையை மட்டும் குறித்திருக்கிறோம்.

பல வருடமாக எங்களுக்குச் சரக்கு அனுப்பும் நிறுவனத்திலிருந்து, 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்த இன்வாய்ஸுக்கான பணத்தைப் புதிய கணக்கில் போடுங்கள்' என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. பழைய மின்னஞ்சல் தொடரிலேயே பதிலாக வந்திருக்கிறது. கையொப்பம், இன்வாய்ஸ் எண், தொகை எல்லாம் சரி. போடலாமா?
– கணக்குப் பிரிவு ஊழியர்

பேசி உறுதி செய்யும்வரை போடாதீர்கள். நீங்கள் 'சரி' என்று எழுதியிருக்கும் அத்தனையும் மோசடிக்காரரின் கையிலும் இருக்கலாம். உங்கள் அஞ்சல்பெட்டி, அவர்களுடைய அஞ்சல்பெட்டி, இரண்டில் ஒன்று திருடுபோயிருந்தால் போதும். உள்ளே நுழைந்தவர் உடனே எதுவும் செய்யமாட்டார். வாரக்கணக்கில் படிப்பார். யாருக்கு எந்தத் தேதியில் பணம் போகிறது, யார் ஒப்புதல் தருகிறார் என்பதெல்லாம் தெரிந்துகொண்டு, உண்மையான இன்வாய்ஸ் ஒன்று வரும் நாளில் அதே தொடரில் பதில் எழுதுவார். அதனால்தான் எதுவும் உறுத்துவதில்லை.

அந்த நிறுவனத்தைத் தொலைபேசியில் அழையுங்கள். எண்ணை இந்த மின்னஞ்சலிலிருந்தோ, இணைப்பில் உள்ள இன்வாய்ஸிலிருந்தோ எடுக்க வேண்டாம். பழைய ஒப்பந்தத்திலோ உங்கள் கணக்கு மென்பொருளிலோ முன்பே பதிந்துள்ள எண்ணுக்கு அழைத்து, வழக்கமாகப் பேசும் ஆளிடம் புதிய கணக்கு எண்ணை வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாசிக்க, அவர் 'ஆமாம், ஆமாம்' என்று சொல்வது சரிபார்ப்பு ஆகாது.

இதை நிரந்தர விதியாக்குங்கள். கணக்கு எண்ணை மாற்றிப் பதிபவரும் அதற்கு ஒப்புதல் தருபவரும் வேறு வேறு ஆளாக இருக்க வேண்டும். மாற்றிய பின் முதல் பணம் போவதற்கு ஒரு முழு வேலைநாள் இடைவெளி வேண்டும். முதலாளியே 'அவசரம், உடனே போடு' என்றாலும் விதி தளரக் கூடாது. அந்த 'அவசரம்' என்ற சொல்லைத்தான் மோசடிக்காரர் முதலில் பயன்படுத்துவார்.

'நாங்கள் சின்ன நிறுவனம், அதனால் ஏமாந்தோம்' என்று நினைக்க வேண்டாம். 2013 முதல் 2015 வரை, ஆசிய கணினி உற்பத்தி நிறுவனம் ஒன்றின் பெயரிலேயே லாட்வியாவில் நிறுவனம் பதிவு செய்து, போலி இன்வாய்ஸ் அனுப்பிய ஒருவருக்குக் கூகுளும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து 12 கோடி டாலருக்கு மேல் அனுப்பியிருந்தன. முகத்தைப் பார்த்தால் போதும் என்ற நம்பிக்கையும் இன்று செல்லாது. ஆரப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் அலுவலக ஊழியர், நிதித் தலைவரும் சக ஊழியர்களும் இருந்த வீடியோ கூட்டத்தை நம்பிச் சுமார் 2.5 கோடி டாலர் அனுப்பியது 2024-ல் வெளியானது. அந்த முகங்களும் குரல்களும் செயற்கையாக உருவாக்கியவை. அவர் ஏற்கெனவே தெரிந்த எண்ணுக்குத் திரும்ப அழைத்திருந்தால் அந்த நாடகம் அங்கேயே நின்றிருக்கும்.

உங்கள் அஞ்சல்பெட்டியையும் ஒருமுறை பாருங்கள். அமைப்புகளில் 'விதிகள்' பகுதியைத் திறந்து, நீங்கள் போடாத விதி ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். 'இன்வாய்ஸ்', 'பேமென்ட்' போன்ற சொற்கள் உள்ள அஞ்சல்களை யாரும் திறக்காத ஆர்.எஸ்.எஸ் (இணையச் செய்தியோடை) கோப்புறைக்கு நகர்த்துவதும், வெளி முகவரிக்கு நகல் அனுப்புவதும் இவர்களின் வழக்கமான வேலை.

பணம் ஏற்கெனவே போயிருந்தால் மணிக்கணக்கில் யோசிக்க நேரமில்லை. உங்கள் வங்கியின் மோசடிப் பிரிவை அழைத்து, பரிமாற்றத்தைத் திரும்பப் பெறவும், பணம் போய்ச் சேர்ந்த வங்கியில் கணக்கை முடக்கவும் கேளுங்கள். பிறகு சைபர் குற்றப் பிரிவில் புகார். அந்த மின்னஞ்சலை அழிக்காமல் முழுத் தலைப்பு விவரங்களுடன் (ஹெடர், அதாவது அது வந்த வழியின் பதிவு) சேமித்து வையுங்கள். அனுப்பிய ஊழியரைத் திட்டும் வேலையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். திட்டு விழும் இடத்தில் அடுத்தவர் தன் தவறை இரண்டு நாள் கழித்துத்தான் சொல்வார். அதற்குள் பணம் நான்கு கணக்குத் தாண்டியிருக்கும்.

எங்கள் டொமைன் பெயரிலேயே (மின்னஞ்சலில் @-க்குப் பின் வரும் பெயர்) யாரோ வாடிக்கையாளர்களுக்குப் போலி மின்னஞ்சல் அனுப்புகிறார்கள். பாஸ்வேர்டு எல்லாம் மாற்றியும் நிற்கவில்லை.
– சிறு நிறுவன உரிமையாளர்

உங்கள் கணக்கு திருடுபோகாமலேயே இது நடக்கும். கடித உறையில் அனுப்புநர் முகவரியை யாரும் எப்படியும் எழுதலாம் அல்லவா, மின்னஞ்சலிலும் அப்படித்தான். தடுக்க, டொமைனின் டி.என்.எஸ் என்ற பொதுப் பதிவேட்டில் மூன்று பதிவுகள் வேண்டும். உங்கள் பெயரில் அனுப்ப எந்தச் சர்வர்களுக்கு அனுமதி என்று சொல்வது எஸ்.பி.எஃப். ஒவ்வோர் அஞ்சலிலும் இருக்கும் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்க உதவுவது டி.கே.ஐ.எம். இந்த இரண்டில் ஒன்றாவது, வாசகர் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் டொமைனோடு பொருந்தித் தேறவில்லை என்றால் அந்த அஞ்சலை என்ன செய்வது, அறிக்கையை எங்கே அனுப்புவது என்று சொல்வது டிமார்க்.

முதல் இரண்டோடு நிறுத்திவிடுவதுதான் நாங்கள் அதிகம் காணும் தவறு. எஸ்.பி.எஃப் சரிபார்ப்பது உள்ளே மறைந்திருக்கும் திருப்பியனுப்பும் முகவரியை மட்டும். மோசடிக்காரர் அதில் தன் சொந்த டொமைனை வைத்துத் தேறிவிட்டு, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் உங்கள் பெயரைப் போடுவார். இந்த ஓட்டையை அடைப்பது டிமார்க் மட்டுமே.

டிமார்க்கை 'நன்' (none, எதுவும் செய்யாதே) நிலையில், அறிக்கை முகவரியுடன் தொடங்குங்கள். இந்த நிலையில் எந்த அஞ்சலும் தடுக்கப்படாது, அறிக்கை மட்டும் வரும். குறைந்தது 4 வாரம் பாருங்கள். மாதத்துக்கு ஒருமுறை ஊதியச் சீட்டு அனுப்பும் மென்பொருள், இன்வாய்ஸ் சேவை, செய்திமடல் சேவை, ஸ்கேன் செய்ததை அஞ்சலாக அனுப்பும் பிரிண்டர் எல்லாம் அதற்குள் வெளியே வரும். ஒவ்வொன்றையும் எஸ்.பி.எஃப்-ல் சேர்த்து, முடிந்தவற்றில் டி.கே.ஐ.எம் போட்டு, 'குவாரன்டைன்' (தனியே ஒதுக்கு) நிலைக்குப் போங்கள். புகார் எதுவும் இல்லையென்றால் 'ரிஜெக்ட்' (நிராகரி). முதல் நாளே 'ரிஜெக்ட்' போட்டால் உங்கள் இன்வாய்ஸே வாடிக்கையாளருக்குப் போகாது. 'நன்' நிலையிலேயே வருடக்கணக்கில் விட்டால் போலி அஞ்சல் போய்க்கொண்டே இருக்கும்.

எஸ்.பி.எஃப் பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. அதிலிருந்து கிளைக்கும் டி.என்.எஸ் தேடல்கள் 10-ஐத் தாண்டினாலும் பிழை. ஒவ்வொரு சேவையாகச் சேர்த்துக்கொண்டே போகிறவர்கள் இந்த எல்லையில்தான் முட்டிக்கொள்வார்கள். அஞ்சலே அனுப்பாத உங்கள் மற்ற டொமைன்களுக்கு இன்றே 'ரிஜெக்ட்' போட்டுவிடலாம்.

உங்கள் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி வாங்கிய டொமைனை டிமார்க் தடுக்காது. அதற்கு முதல் கேள்வியில் சொன்ன தொலைபேசிதான் வழி.

45 நாளுக்கு ஒருமுறை எல்லோரும் பாஸ்வேர்டு மாற்ற வேண்டும் என்று நிர்வாகம் சொல்கிறது. இதனால் பயன் உண்டா?
– மனிதவளத் துறை அலுவலர்

இல்லை. தீங்குதான் உண்டு. அடிக்கடி மாற்றச் சொன்னால் எல்லோரும் ஒரே சொல்லின் கடைசியில் 1, 2, 3 என்று எண்ணை ஏற்றுவார்கள். பழைய பாஸ்வேர்டு தெரிந்தவருக்குப் புதியதை ஊகிப்பது எளிது. அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட், காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லும் பழக்கத்தைக் கைவிடும்படி 2017-லேயே எழுதியது. கசிந்ததற்கான அறிகுறி இருந்தால் மாற்றினால் போதும்.

கெடுவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறு மூன்றைக் கொண்டுவாருங்கள். நீளம் குறைந்தது 15 எழுத்து. தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்தால் நினைவிலும் நிற்கும். ஏற்கெனவே கசிந்த பாஸ்வேர்டுகளின் பட்டியலோடு ஒப்பிட்டு, அதில் இருப்பதை ஏற்காதபடி அமையுங்கள். எல்லோருக்கும் பாஸ்வேர்டு மேனேஜர் (பாஸ்வேர்டுகளைப் பூட்டிச் சேமித்து வைக்கும் செயலி) வாங்கித் தாருங்கள். ஒரே பாஸ்வேர்டை அலுவலகத்திலும் ஏதோ ஒரு விளையாட்டுத் தளத்திலும் பயன்படுத்துவதுதான் உண்மையான ஆபத்து. மேனேஜர் இருந்தால் அந்தத் தேவையே எழாது.

ஊழியர் ஒருவர் போலி லாகின் பக்கத்தில் பாஸ்வேர்டையும் ஓ.டி.பி-யையும் கொடுத்துவிட்டார். பத்து நிமிடத்தில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டோம். போதுமா?
– அலுவலக மேலாளர்

போதாது. இன்றைய போலிப் பக்கங்கள் நடுவில் நின்று, நீங்கள் தட்டுவதை அப்படியே உண்மையான தளத்துக்குக் கடத்துகின்றன. தளம் லாகினை ஏற்றதும் தரும் குக்கீயை ('இவர் லாகின் செய்தவர்' என்று காட்டும் சிறு கோப்பை) எடுத்து வைத்துக்கொள்கின்றன. பல சேவைகளில் பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் அந்தக் குக்கீ வேலை செய்யும்.

அட்மின் பகுதிக்குப் போய் அந்தக் கணக்கின் எல்லா லாகின்களையும் முடித்து வையுங்கள். பிறகு பாஸ்வேர்டை இன்னொருமுறை மாற்றுங்கள். கணக்கில் புதிதாக ஏதாவது தொலைபேசி எண்ணோ அங்கீகாரச் செயலியோ சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நுழைந்தவர் திரும்பி வரக் கதவு வைப்பது அங்கேதான். கணக்கை அணுக அனுமதி பெற்ற வெளிச் செயலிகளின் பட்டியல், அஞ்சல் விதிகள், லாகின் பதிவேட்டில் அந்தப் பத்து நிமிடத்தின் இணைய (ஐ.பி) முகவரிகள், இவற்றையும் பாருங்கள்.

இனி இது நடக்காமல் இருக்க பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலான டிஜிட்டல் சாவி) அல்லது யு.எஸ்.பி பாதுகாப்புச் சாவிக்கு மாறுங்கள். பாஸ்கீ எந்த டொமைனுக்காக உருவானதோ அங்கே மட்டும்தான் வேலை செய்யும். போலிப் பக்கத்தைப் பார்த்து ஊழியர் ஏமாந்தாலும் சாவி ஏமாறாது. எல்லோருக்கும் உடனே முடியவில்லையென்றால் அட்மின், கணக்குப் பிரிவு, மேலதிகாரிகள் ஆகியோரிடம் தொடங்குங்கள். எஸ்.எம்.எஸ் ஓ.டி.பி இருப்பதிலேயே பலவீனமானது. ஆனாலும் எதுவும் இல்லாததைவிட மேல்.

தவறை உடனே வந்து சொன்ன அந்த ஊழியருக்கு நன்றி சொன்னீர்களா?

தினமும் இரவு சர்வரின் இன்னொரு டிரைவில் பேக்கப் எடுக்கிறோம். க்ளவுடிலும் எல்லாம் சிங்க் ஆகிறது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் தப்பிப்போமா?
– கணினிப் பராமரிப்பாளர்

இப்போதைய நிலையில் தப்புவது கடினம். ரான்சம்வேர் கும்பல் கோப்புகளைப் பூட்டுவதற்கு முன் அட்மின் உரிமையைக் கைப்பற்றி, கைக்கு எட்டும் பேக்கப்களைத் தேடி அழிக்கிறது. அதே சர்வரில் உள்ள டிரைவ் அவர்களுக்கும் கைக்கெட்டும் தூரம்தான். சிங்க் என்பது பேக்கப் இல்லை. இங்கே பூட்டிய கோப்பு, சில நிமிடத்தில் அங்கேயும் பூட்டிய கோப்பாகப் போய் உட்காரும்.

3-2-1 என்ற பழைய கணக்கு இன்றும் நல்ல தொடக்கம்: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில். அதோடு இன்னொரு நிபந்தனை சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பிரதியாவது அட்மின் நினைத்தாலும் அழிக்க முடியாததாக இருக்க வேண்டும். கழற்றி அலமாரியில் வைக்கும் டிஸ்க் அல்லது டேப் ஆகலாம், குறித்த நாள்வரை அழிக்க முடியாதபடி பூட்டப்பட்ட க்ளவுட் சேமிப்பும் ஆகலாம். பூட்டும் காலம் 30 நாளுக்குக் குறையாமல் இருக்கட்டும். நுழைந்தவர் வாரக்கணக்கில் உள்ளே இருந்திருந்தால் நேற்றைய பேக்கப்பிலும் அவர் இருப்பார். பேக்கப் சர்வரின் லாகின், அலுவலகப் பொது லாகினோடு சேராத தனிக் கணக்காக இருக்கட்டும்.

2017 ஜூனில் நாட்பெட்யா என்ற தீநிரல் தாக்கியபோது மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவ வேண்டியதாயிற்று. எல்லா லாகின்களையும் நிர்வகிக்கும் டொமைன் கன்ட்ரோலர்கள் ஒன்றுக்கொன்று பிரதி எடுத்துக்கொண்டே இருந்ததால், எல்லாம் ஒன்றாக அழிந்தன. கானா நாட்டு அலுவலகத்தில் மட்டும் அந்த நேரத்தில் மின்தடை. அணைந்து கிடந்த அந்த ஒன்றை வைத்துத்தான் மீண்டார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்தைக் காப்பாற்றியது ஒரு மின்தடை என்பது நினைத்தாலே நடுங்க வைக்கிறது. உங்கள் அலமாரி டிஸ்க் அந்த மின்தடையை நீங்களே திட்டமிட்டு வைத்துக்கொள்வது போன்றது.

அடுத்தது மீட்டுப் பார்ப்பது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் முதன்மை டேட்டாபேஸ் தவறுதலாக அழிந்தது. பேக்கப்பைத் தேடினால் சேமிப்பிடம் காலி. டேட்டாபேஸ் ஒரு பதிப்பு, பேக்கப் எடுத்த கருவி வேறு பதிப்பு, அதனால் பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. 'தோற்றுவிட்டது' என்று சொல்லும் மின்னஞ்சல்களும் போயிருக்கின்றன. அவற்றில் கையெழுத்து இல்லாததால் டிமார்க் விதிப்படி நிராகரிக்கப்பட்டு, யார் கண்ணுக்கும் படவில்லை. பொறியாளர் ஒருவர் வேறு வேலைக்காகச் சுமார் 6 மணி நேரம் முன்பு எடுத்திருந்த பிரதிதான் உதவியது. இதையெல்லாம் அவர்களே மறைக்காமல் எழுதி வெளியிட்டார்கள். நம் எல்லோருக்கும் அது பெரிய உதவி.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காலியான ஒரு கணினியில் பேக்கப்பிலிருந்து முழுமையாக நிறுவிப் பாருங்கள். கடிகாரம் வைத்து அளந்து, எத்தனை மணி நேரம் ஆனது என்று நிர்வாகத்திடம் சொல்லுங்கள். லைசென்ஸ் எண்கள், பேக்கப் என்கிரிப்ஷன் சாவி, அழைக்க வேண்டிய தொலைபேசி எண்கள் ஆகியவற்றைக் காகிதத்தில் அச்சிட்டுப் பூட்டி வையுங்கள். சாவியைச் சர்வரிலேயே வைத்துவிட்டுத் தவிக்கும் நிறுவனங்கள் உண்டு.

ரான்சம்வேர் தாக்கிவிட்டால், முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி வைஃபையை அணையுங்கள். கணினியை அணைக்க வேண்டாம், நினைவகத்தில் தடயங்கள் இருக்கும். நெட்வொர்க்கைத் துண்டிக்கவே முடியாவிட்டால் மட்டும் அணையுங்கள். பேக்கப் சர்வரைத் தனியே பிரித்து வையுங்கள். அலுவலக மின்னஞ்சலில் பேசிக்கொள்ளாதீர்கள், அவர்களும் படித்துக்கொண்டிருக்கலாம். எதையும் ஃபார்மேட் செய்வதற்கு முன் டிஸ்க்கின் முழுப் பிரதி எடுங்கள். 2016-ல் யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் சில வகைகளுக்கு இலவசத் திறப்புக் கருவி கிடைக்கும், அங்கே தேடுங்கள்.

பணம் கொடுப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அமெரிக்க எரிபொருள் குழாய் நிறுவனமான கொலோனியல் பைப்லைன் 2021-ல் 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர் கொடுத்தது. கிடைத்த கருவி மெதுவாக வேலை செய்ததால் தங்கள் பேக்கப்பிலிருந்தும் மீட்க வேண்டியிருந்தது. அங்கே தாக்கியவர்கள் நுழைந்த வழி, யாரும் பயன்படுத்தாத ஒரு பழைய வி.பி.என் (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்கில் நுழையும் வழி) கணக்கு. அதற்குப் பாஸ்வேர்டு மட்டும்தான் காவல், இரண்டாம் அடுக்குச் சோதனை இல்லை.

வேலையை விட்டுப் போன ஒருவரின் கணக்கை எப்போது மூட வேண்டும்?
– மனிதவளத் துறை உதவியாளர்

அவர் கடைசியாக வெளியேறும் அதே மணி நேரத்தில். மேலே சொன்ன வி.பி.என் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலை மூடுவதோடு எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். பலர் சேர்ந்து பயன்படுத்தும் சமூக ஊடகக் கணக்கு, டொமைன் பதிவு, கேமரா, வைஃபை, வங்கியில் அவர் பெயரில் உள்ள அனுமதி, அவர் சொந்த எண்ணுக்குப் போகும் ஓ.டி.பி ஆகியவையும் பட்டியலில் வேண்டும். கணக்கை உடனே அழிக்க வேண்டாம். முடக்கி வைத்து, கோப்புகளின் உரிமையை வேறொருவருக்கு மாற்றிய பிறகு அழியுங்கள்.

ஊழியர்கள் வாடிக்கையாளர் கடிதங்களையும் ஒப்பந்தங்களையும் ஏ.ஐ சாட்பாட்டில் போட்டுச் சுருக்கம் கேட்கிறார்கள். தடை செய்துவிடலாமா?
– சட்ட ஆலோசனை நிறுவன நிர்வாகி

முழுத் தடை வேலை செய்யாது. அலுவலகக் கணினியில் தடுத்தால் சொந்தக் கைபேசியில் படம் எடுத்துப் போடுவார்கள், அது இன்னும் மோசம். சாம்சங் ஊழியர்கள் நிரல் மூலக்குறியீட்டைச் சாட்ஜிபிடியில் இட்டது 2023-ல் வெளியான பிறகு அந்த நிறுவனம் பயன்பாட்டுக்குத் தடை போட்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்குக் கண்காணிக்க ஆள் உண்டு, உங்களுக்கு இருக்காது.

நிறுவனமே ஒரு சேவைக்குக் கட்டணம் கட்டி, இடும் தகவலைப் பயிற்சிக்குப் பயன்படுத்தமாட்டோம், இத்தனை நாளில் அழிப்போம் என்ற உறுதியை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று ஒரு பக்கத்தில் எழுதித் தாருங்கள். பாஸ்வேர்டு, அடையாள எண், மருத்துவத் தகவல், வழக்கு விவரம் எந்தச் சேவையிலும் போகக் கூடாது. சுருக்கத்தை ஆள் படித்துச் சரிபார்க்காமல் வெளியே அனுப்பவும் கூடாது. நீதிமன்றம் தராத தீர்ப்பையும் இருப்பதாகச் சாட்பாட் எழுதும். அப்படி வந்த போலி மேற்கோள்களை நீதிமன்றத்தில் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 2023-ல் நியூயார்க்கில் 5,000 டாலர் அபராதம் விழுந்தது.

ஊழியர்களின் திரையை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படம் எடுக்கும் மென்பொருளை முதலாளி நிறுவச் சொல்கிறார். பாதுகாப்புக்காக என்கிறார். நான் என்ன செய்ய?
– கணினி நிர்வாகி

உங்கள் மனம் உறுத்துவது சரியான காரணத்துக்காகத்தான். எந்த ஆபத்தைத் தடுக்க இது என்று முதலில் எழுத்தில் கேளுங்கள். தகவல் கசிவைத் தடுக்க என்றால், யார் எந்தக் கோப்பைத் திறந்தார், வெளியே எதை அனுப்பினார் என்ற பதிவேடு போதும், கோப்பு அனுமதிகளைச் சுருக்குவது அதைவிட நல்லது. திரையை எடுத்த படங்கள் இந்த வேலையைச் செய்வதில்லை. மாறாகப் புது ஆபத்தைக் கொண்டுவரும். ஊழியரின் வங்கி விவரம், மருத்துவச் சீட்டு, வாடிக்கையாளர் தகவல் எல்லாம் படங்களாக ஒரே இடத்தில் குவியும். அந்த ஒரு சர்வர் திருடுபோனால் எல்லாம் போயிற்று.

ஊழியர்களின் குடும்பம், நோய், மதம் பற்றிய குறிப்புகளை மேலாளர்கள் சேர்த்து வைத்ததற்காக எச் அண்ட் எம் என்ற ஆடை நிறுவனத்துக்கு ஜெர்மனியில் 2020-ல் 3.5 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் விழுந்தது. அமைப்பில் நேர்ந்த பிழையால் அந்தக் குறிப்புகள் சில மணி நேரம் நிறுவனம் முழுவதும் தெரிந்ததால்தான் விஷயமே வெளியே வந்தது.

எதைக் கண்காணிக்கிறோம், எத்தனை நாள் வைத்திருப்போம், யார் பார்க்கலாம் என்பதை ஊழியர்களிடம் முன்கூட்டியே சொல்ல முடியாத எந்தக் கண்காணிப்பையும் நிறுவாதீர்கள். அவர்களிடம் சொல்ல முதலாளி தயங்கினால், அந்தத் தயக்கத்தையே அவரிடம் எடுத்துக்காட்டலாம்.

முகம் தெரியாத ஒருவர், எங்கள் வலைத்தளத்தில் எண்ணை மாற்றினால் மற்றவர் ரசீது தெரிகிறது என்று எழுதியிருக்கிறார். மிரட்டுகிறாரா? போலீஸுக்குப் போகவா?
– இணைய விற்பனை நிறுவன உரிமையாளர்

அவர் பணம் கேட்டு மிரட்டாதவரை, நன்றி சொல்லிப் பதில் எழுதுங்கள். இலவசமாக உதவிய ஒருவர் மேல் புகார் கொடுத்தால், அடுத்தமுறை ஓட்டையைக் காண்பவர் உங்களிடம் சொல்லாமல் விட்டுவிடுவார். அல்லது விற்றுவிடுவார்.

முதலில் அவர் சொன்னதை நீங்களே செய்து பாருங்கள். உண்மையென்றால், ரசீதைக் காட்டும் முன் 'இது லாகின் செய்தவருக்கு உரியதுதானா' என்று சர்வரில் சரிபார்க்கும் வரி விடுபட்டிருக்கிறது. எண்ணை நீளமான குழப்பமான எழுத்துகளாக மாற்றுவது மட்டும் தீர்வாகாது. பழைய பதிவேடுகளைப் பார்த்து, ஒரே இணைய முகவரியிலிருந்து வரிசையாக எண்களைத் திறந்தவர் உண்டா என்று தேடுங்கள். அப்படி இருந்தால் அது தகவல் கசிவு.

இனி வருபவர்களுக்காக, 2022-ல் வகுக்கப்பட்ட ஆர்.எஃப்.சி 9116 என்ற இணைய வரையறைப்படி, ஓட்டையை யாரிடம் சொல்வது என்று காட்டும் 'செக்யூரிட்டி டாட் டெக்ஸ்ட்' கோப்பைத் தளத்தில் வையுங்கள். தொடர்பு முகவரியும் காலாவதித் தேதியும் அதில் கட்டாயம். அந்த முகவரிக்கு வருவதைத் தினமும் படிக்க ஓர் ஆள் வேண்டும்.

வாடிக்கையாளர் தகவல் கசிந்தது எங்கள் மூவருக்கு மட்டும்தான் தெரியும். வெளியே சொன்னால் வியாபாரம் போய்விடும். ஓட்டையை அடைத்துவிட்டோம். சொல்லித்தான் ஆக வேண்டுமா?
– பெயர், பணி குறிப்பிடவில்லை

ஆம். உங்கள் ஓட்டை அடைபட்டுவிட்டது, வாடிக்கையாளருடையது திறந்தே கிடக்கிறது. கசிந்த பாஸ்வேர்டை அவர் வேறு நான்கு இடத்தில் வைத்திருக்கலாம். அவருடைய முகவரியும் ரசீதும் தெரிந்த ஒருவர் நாளை உங்கள் பெயரில் அவரை அழைப்பார். தன்னைக் காத்துக்கொள்ள அவருக்கு உள்ள ஒரே வாய்ப்பு, நீங்கள் சொல்வது.

சட்டமும் பல நாடுகளில் அப்படித்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் தெரியவந்த 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு ஆணையத்திடம் அறிவிக்க வேண்டும். உங்கள் நாட்டு விதியை இன்றே ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஊபர் இருக்கிறது. 2016-ல் 5.7 கோடிப் பேரின் தகவல் திருடுபோனது. திருடியவர்களுக்கு 1 லட்சம் டாலரைப் பிழை கண்டுபிடித்ததற்கான பரிசு என்ற பெயரில் கொடுத்து மூடி மறைத்தார்கள். ஒரு வருடம் கழித்து வெளியே வந்தது. 2018-ல் அமெரிக்க மாநிலங்களுக்கு 14.8 கோடி டாலர் கட்டினார்கள். அப்போதைய பாதுகாப்புத் தலைவர் 2022-ல் குற்றவாளி எனத் தீர்ப்பானது.

கடிதம் இப்படி இருக்கட்டும்: எந்தத் தேதியில் என்ன நடந்தது, எந்தெந்தத் தகவல் போனது, எது போகவில்லை, நாங்கள் என்ன செய்தோம், நீங்கள் இப்போது என்ன செய்ய வேண்டும், யாரை அழைக்கலாம். 'உங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் கடமை' என்று தொடங்காதீர்கள், படிப்பவருக்கு வயிறு எரியும். பாஸ்வேர்டு மாற்றும் லிங்க்கைக் கடிதத்தில் வைக்காமல், தளத்துக்குத் தாமாகப் போய் மாற்றச் சொல்லுங்கள். இதே கடிதத்தைப் போலியாக அனுப்புபவர்கள் மறுநாளே கிளம்பிவிடுவார்கள்.

பெயரையும் கைபேசி எண்ணையும் நீக்கிவிட்டு வாடிக்கையாளர் பட்டியலை ஆய்வு நிறுவனத்துக்குத் தரலாமா?
– விற்பனைப் பிரிவு மேலாளர்

பெயரை நீக்கினால் மட்டும் ஆள் மறைவதில்லை. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு இந்த மூன்றை வைத்தே அமெரிக்க மக்களில் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காணக்கூடும் என்று கணினி ஆய்வாளர் லத்தான்யா ஸ்வீனி 2000-ல் கணக்கிட்டார். 2006-ல் ஏ.ஓ.எல் என்ற இணைய நிறுவனம் பெயர் நீக்கி வெளியிட்ட தேடல் பதிவுகளிலிருந்து, 4417749 என்ற பயனர் எண் யாருடையது என்று செய்தியாளர்கள் வீட்டுக்கே போய்க் கண்டுபிடித்தார்கள். பிறந்த தேதிக்குப் பதில் பத்து வயது இடைவெளி, முழு அஞ்சல் குறியீட்டுக்குப் பதில் மாவட்டம் என்று தாருங்கள். ஒரு பிரிவில் மிகச் சிலரே இருந்தால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். அவர்களுக்குத் தேவை மொத்த எண்ணிக்கைதான் என்றால் நீங்களே கூட்டிக் கொடுங்கள், பட்டியல் வெளியே போகவே வேண்டாம்.

பழைய கணினிகளையும் பிரிண்டரையும் விற்கப் போகிறோம். ஃபார்மேட் செய்தால் போதுமா?
– அலுவலக உதவியாளர்

விரைவு ஃபார்மேட் கோப்புகளின் அட்டவணையை மட்டும் அழிக்கும், உள்ளிருப்பவை அப்படியே இருக்கும். சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால் ஒருமுறை முழுவதுமாக மேலெழுதினால் போதும். சுழலும் பாகம் இல்லாத எஸ்.எஸ்.டி-யில் மேலெழுதுவது நம்பத்தக்கதல்ல. தேய்மானத்தைச் சமமாக்க அது எழுதும் இடத்தைத் தானே மாற்றிக்கொள்வதால் பழைய பகுதிகள் எட்டாமல் தங்கிவிடும். உற்பத்தியாளர் தரும் 'செக்யூர் இரேஸ்' கட்டளையைப் பயன்படுத்துங்கள். வாங்கிய முதல் நாளிலேயே டிஸ்க் முழுவதையும் என்கிரிப்ட் செய்திருந்தால், சாவியை அழித்தாலே வேலை முடிந்தது. அடுத்து வாங்கும் கணினிகளில் அப்படியே செய்யுங்கள்.

பெரிய அலுவலகப் பிரிண்டர்களில் பலவற்றுக்குள் ஒரு டிஸ்க் உண்டு. நகலெடுத்த, ஸ்கேன் செய்த பக்கங்கள் அதில் இருக்கலாம். அமைப்புப் பட்டியலில் அழிக்கும் வசதியைத் தேடுங்கள், இல்லையென்றால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு விற்கச் சொல்லுங்கள். வைஃபை பாஸ்வேர்டும் ஸ்கேன் அனுப்பும் மின்னஞ்சல் பாஸ்வேர்டும் அதன் நினைவகத்தில் இருக்கும். தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்த பிறகு அந்த இரண்டையும் மாற்றிவிடுங்கள்.